கம்பியில்லா வலையமைப்பை ஒழுங்கமைத்தல்

ஒரே அலைவரிசையில் இரு நிலையங்கள் ஒருங்கே ஒலிபரப்பினால் வானொலிப் பெட்டியில் இரைச்சலன்றி வேறென்ன கேட்கும்? 'வைபை' எனப்படும் கம்பியில்லா வலையமைப்புக்கும் இந்நிலை நேர்வதுண்டு.

மாடிக் கட்டடம் கொண்ட பாடசாலையொன்றைக் கற்பனை செய்வோம். கோடியிலுள்ள வகுப்பறைக்கு இணைப்பு எட்டவில்லை. அதிபர் மேலும் இரு அணுகற் புள்ளிகளை வாங்கிப் பொருத்துகிறார். விளைவோ, முன்னர் நன்கு கிடைத்த இடங்களிலும் இணைப்பு அறுந்தறுந்து வருகிறது. காரணம் யாது?

முதலாவது, அலைகளின் மோதல். 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் 1 முதல் 13 வரையான தடங்கள் பெரும்பாலான நாடுகளில் வழங்குகின்றன. அடுத்தடுத்த தடங்களுக்கிடையே 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியே உண்டு. ஒரு புள்ளி அனுப்பும் அலையோ ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் கொள்வது. ஆதலின், ஒன்றையொன்று தீண்டாத 1, 6, 11 ஆகிய தடங்களை அயலயலான மூன்று புள்ளிகளுக்கும் பகிர்ந்தளித்தல் வேண்டும். 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் தடங்கள் மிகுதி. ஆயின் சுவர்களை ஊடுருவும் ஆற்றல் அதற்குக் குறைவு.

இரண்டாவது, முகவரிக் குழப்பம். வலையமைப்பிற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண்முகவரி வேண்டும். அதனை வழங்கும் பணி பிரதான ரவுட்டர் ஒன்றுக்கே உரியது. புதிய பெட்டிகளும் தாமாக முகவரி வழங்கத் தொடங்கினால், இரு கருவிகள் ஒரே முகவரியைப் பெற்று இடர்ப்படலாம். எனவே, அவற்றில் அப்பணியை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிலையான முகவரியிட்டு, கம்பி வழியே பிரதான ரவுட்டருடன் இணைத்தல் தகும். வலையமைப்பின் பெயரும் கடவுச்சொல்லும் எங்கும் ஒன்றாயிருப்பின், நடந்து செல்பவரின் கைத்தொலைபேசி ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் மாறிக்கொள்ளும்.

மூன்றாவது, பாதுகாப்பு. 1997இல் வந்த 'வெப்' எனும் பழைய பூட்டு எளிதில் உடைபடும் என்பது 2001இலேயே வெளிப்பட்டது. 2004இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 2', அல்லது 2018இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 3' முறையையே தெரிதல் வேண்டும். தொழிற்சாலையில் இட்ட நிருவாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. விருந்தினர்க்குத் தனி வலையமைப்பு அமைக்க. இன்றேல், மாணவரின் புள்ளிப் பதிவேடுகள் அந்நியர் கைக்கு எட்டக்கூடும்.

பெட்டிகளின் தொகை பெருகினாற் போதாது; அவை தம்முள் இசைந்து இயங்குதல் வேண்டும். அப்பொழுதே கோடியிலுள்ள வகுப்பறைக்கும் பாடம் தடையின்றிச் சென்றடையும்.