பச்சிலைச் சவர்க்காரமும் தராசும்

ஜித்ரா பக்கத்துத் தோட்டங்களின் லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் தாய்மார்கள், கொல்லையைத் துறந்தாலும் கற்றாழைத் தொட்டியையும் வேப்பங்கன்றையும் துறந்தவர்களல்லர். அந்தப் பச்சிலைகளை எண்ணெயோடு சேர்த்துச் சவர்க்காரம் வார்த்து, கோயில் திருவிழாவிலும் பாசார் மாலாமிலும் விற்று, வீட்டுச் செலவுக்கு நாலு வெள்ளி தேடிக்கொள்வது சிலாக்கியமான காரியமே. சென்னையில் ரயில்வே மருத்துவராயிருந்த வி. பி. சித்தன் 1969-இல் வீட்டிலே தொடங்கிய மூலிகைச் சவர்க்காரந்தான் பிற்காலத்தில் மெடிமிக்ஸ் என்று பிரசித்தி பெற்றது. ஆயினும், இலை சாதுவானது என்பதனாலேயே அதிலிருந்து செய்த பண்டமும் சாதுவானது என்று எண்ணிவிடுதல் அபாயம்.

முதல் அபாயம் அடுப்படியிலேயே இருக்கிறது. எண்ணெயைச் சவர்க்காரமாக்குவது காஸ்டிக் சோடா; ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு அது ஏறத்தாழ 183 கிராம் வேண்டும், செம்பனை எண்ணெய்க்கோ ஏறத்தாழ 141 கிராமே போதும். தேங்காயெண்ணெய் விலை ஏறிவிட்டதென்று செம்பனை எண்ணெயை ஊற்றிவிட்டு, சோடாவை மட்டும் பழைய கணக்கிலேயே போட்டால், மிஞ்சிய ஏறத்தாழ 42 கிராம் காரமும் கட்டிக்குள் ஒளிந்திருந்து குளிக்கும் குழந்தையின் தோலை எரிக்கும். தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி, சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது; ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியச் சட்டியை அது அரித்துவிடுமாதலால் எவர்சில்வர் பாத்திரமே தகும். கண்ணுக்குக் காப்பும் கைக்கு உறையும் அவசியம்.

சட்டத்தின் பார்வையில் குளியல் சவர்க்காரமும் அழகுசாதனமே. 1984-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, விற்பனைக்கு முன்பே என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்கு அறிவித்து, என்.ஓ.டி. என்று தொடங்கிக் கே என்று முடியும் எண்ணைப் பெற்றாக வேண்டும். வியாபாரப் பதிவும், நல்ல உற்பத்தி முறைக்கு இணங்கிய இடமும் அதற்கு வேண்டுமாகையால், தனித்து இயலாதவர்கள் பலராகக் கூடி ஓரிடம் அமைக்கலாம். அல்லது தகுதி பெற்ற ஆலையில் செய்வித்துக்கொள்ளலாம். மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்திற்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். படை, சொறி தீரும் என்று ஒட்டுச்சீட்டில் எழுதினாலோ, அது அழகுசாதன எல்லையைத் தாண்டி, மருந்துக்குரிய பதிவைக் கோரும் விஷயமாகிவிடும்.

வாங்குவோரும் ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும். அந்த எண் இருப்பதனால் அரசாங்கமே சோதித்துத் தந்தது என்று பொருளில்லை, பொறுப்பு விற்பவருடையதே. முகம் வெளுக்கச் செய்யும் என்று விற்கப்படும் களிம்புகளில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினோயினும் கண்டறியப்பட்டு, முகமை பலவற்றை ரத்து செய்திருக்கிறது. பாதரசம் தோலோடு நில்லாமல் சிறுநீரகத்தையும் சிதைக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புறத்தில் இத்தகைய களிம்பு பூசியவர்களுக்கு நேர்ந்ததும் அதுவே. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இதுபற்றி எச்சரித்து வந்திருக்கிறது.

தீங்கு நேர்ந்தால் பரிகாரம் உண்டு. பூசுவதை உடனே நிறுத்தி, டப்பாவையும் ரசீதையும் எறியாமல் வைத்து, மருத்துவரிடம் காட்டி, முகமைக்குப் புகார் கொடுக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில், 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞரின்றி, 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் உடற்காயத்திற்கான நஷ்ட ஈடு அதன் வரம்புக்கு அப்பாற்பட்டது. அதற்கு நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

சவர்க்காரம் வார்க்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணெய் எவ்வளவு, சோடா எவ்வளவு, இலை எது, வார்த்த தேதி எது என்று ஒவ்வொரு வார்ப்பையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வாங்கியவர் ஒருநாள் தடித்துச் சிவந்த கையோடு உங்கள் வாசலில் வந்து நின்றால், அவருக்கு உண்மையைச் சொல்லவும், எஞ்சிய கட்டிகளைத் திரும்பப் பெறவும் துணை நிற்பது அந்தப் புத்தகமே.