இருக்கும் தண்ணீரில் எந்தப் பயிர்?

சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடைப்பட்ட திண்டுக்கல் சமவெளியில், உழவர் இல்லந்தோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. கிணற்றிலுள்ள தண்ணீருக்கு நெல் நடுவதா, சோளம் விதைப்பதா? பழக்கம் ஒரு விடை கூறும். கணக்கு வேறொரு விடை கூறக்கூடும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்திற்கு 6 ஏக்கர் நிலமும் 12 பங்கு தண்ணீரும் உள்ளன என்று கொள்வோம். ஏக்கருக்கு நெல் 4 பங்கு தண்ணீர் கேட்கும். சோளத்திற்கு 1 பங்கு போதும். செலவு போக ஏக்கருக்கு நெல் 15,000 ரூபாயும் சோளம் 10,000 ரூபாயும் தருவதாக வைத்துக்கொள்வோம்.

நெல் மட்டும் நட்டால் 3 ஏக்கரோடு தண்ணீர் தீர்ந்துவிடும். வருவாய் 45,000 ரூபாய். 6 ஏக்கரிலும் சோளம் விதைத்தால் 60,000 ரூபாய். ஆனால் பாதித் தண்ணீர் மீந்துவிடும். நெல் 2 ஏக்கர், சோளம் 4 ஏக்கர் என்று பிரித்தாலோ நிலமும் தண்ணீரும் முழுமையாகப் பயன்பட்டு 70,000 ரூபாய் கிடைக்கும். இதைவிட மிகுதியாகப் பெற வழியில்லை.

இவ்வாறு கணக்கிடும் முறைக்கு 'நேரியல் திட்டமிடல்' என்று பெயர். பரப்பு இரட்டித்தால் தேவையும் வருவாயும் இரட்டிக்கும் என்பதே இதன் அடிப்படை. நிலத்தின் எல்லையையும் தண்ணீரின் எல்லையையும் தாளில் கோடுகளாக வரைந்தால், அவற்றிற்குள் அடங்கும் வடிவத்தின் மூலை ஒன்றில் சிறந்த விடை இருக்கும்.

1939-இல் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையின் எந்திரங்களுக்கு வேலையைப் பங்கிட முயன்ற ரஷ்ய அறிஞர் கந்தரோவிச் இத்துறைக்கு வித்திட்டார். மூலைக்கு மூலை நகர்ந்து விடை காணும் வழியை 1947-இல் அமெரிக்கரான டான்ட்சிக் வகுத்தார். மூலைகளைச் சுற்றாமல் வடிவத்தின் உள்ளே புகுந்து செல்லும் விரைவான வழியை 1984-இல் வெளியிட்டவர், குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்கர்.

கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு தோண்ட எண்ணுவோர்க்கு இக்கணக்கு மற்றொன்றையும் உணர்த்தும். மேற்சொன்ன குடும்பத்திற்கு இன்னும் 3 பங்கு தண்ணீர் கிடைத்தால், நெல் 3 ஏக்கர், சோளம் 3 ஏக்கர் என்றாகும். வருவாய் 75,000 ரூபாய். கூடுதலாகக் கிடைப்பது 5,000 ரூபாயே. அப்போகத்தில் கடனுக்குச் செலுத்த வேண்டியது அதனினும் மிகுதியானால், புதிய கிணறு வரவன்று, சுமையே.

விலையும் மழையும் மாறும்போது விடையும் மாறும். ஆகவே ஒவ்வொரு போகத்திற்கு முன்பும் குடும்பத்தார் கூடியமர்ந்து, உள்ளவற்றையும் தேவைகளையும் எழுதிப் பார்ப்பது நன்று. துளையிடும் வண்டியை அழைக்குமுன் ஒரு தாளும் எழுதுகோலும் எடுப்போம்.