பழைய உழுபொறியும் புதிய வண்ணமும்

உழவர் கைக்கொள்ளும் பொருள்களுள் இரும்பினும் வலியது பிறிதொன்றில்லை. ஆயினும் அவ்விரும்பை அழித்தற்கு வாளும் வேண்டா, நெருப்பும் வேண்டா. நீரும் காற்றுமே அமையும். இவ்விரண்டும் ஒருங்கு கூடி இரும்பைத் தீண்டுமிடத்துத் துரு என்னும் நோய் பிறக்கின்றது. துருவானது தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு பருத்த உருவினது. ஆதலின், தன்மேற் கிடக்கும் வண்ணத்தைக் கொப்புளம் போல மேலெழுப்பி உடைத்து, உடைந்த வாயின் வழியே பின்னும் ஈரத்தை உட்புகுத்துகின்றது. சேற்றுழவின்போது படியும் நீரும், பொட்டாஷ் முதலிய உரங்களின் உப்பும் இந்நோயை விரைவுபடுத்துவன. இரும்புக்கும் ஈரத்துக்கும் இடையே நின்று காப்பது மெல்லியதொரு வண்ணப் படலமே. ஆகவே, பழைய டிராக்டருக்கு வண்ணம் பூசுதலை வீண் அழகு வேலையென எண்ணுதல் தவறாகும். அதனைக் குறைந்த செலவில் இல்லத்திலேயே செய்து முடிக்கும் முறையை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

எஞ்சின் பழுதுபட்டால் அதன் உறுப்புக்களை மாற்றி மீண்டும் உழைக்கச் செய்யலாம். ஆனால் மட்கார்டும், பானெட்டும், ஓட்டுபவர் கால்வைக்கும் தகடும் துருவால் ஓட்டை விழுந்தபின், வெட்டி ஒட்டுதலன்றி வேறு வழியில்லை. கால்வைக்கும் தகடு அரிக்கப்பட்டு இற்றுப்போகுமாயின், ஓட்டுபவர்க்கு உயிர்க்கேடே நேரக்கூடும். இது கருதியே சென்ற கோடை விடுமுறையில் எம் வீட்டு வண்டிக்கு வண்ணம் பூச எண்ணினோம். பட்டறையிற் கேட்ட கூலியைக் கூறியபோது, என் தந்தையார், "அந்தப் பணத்திற்குப் பின்சக்கரத்துக்கு டயரே வாங்கிவிடலாமே" என்றார். சிற்றுழவர் பலர்தம் நிலையும் இதுவே. டயரா, வண்ணமா என்னும் வினா எழுமிடத்து வண்ணமே தோற்கும். கூலியை நீக்கிப் பொருட்செலவை மட்டும் நோக்கின், அவ்வினா எழ வேண்டுவதேயில்லை. வண்ண வேலையிற் பெரும்பகுதி உழைப்பேயன்றிப் பொருளன்று. உழைப்போ, விடுமுறைக்கு ஊர் வந்த மாணவரிடத்து மிகுதியாக உள்ளது.

முதற்கண் நிறத்தைப் பற்றிச் சிறிது கூறுவாம். 1946-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் உருவாகத் தொடங்கிய பெர்குசன் டிராக்டர் சாம்பல் நிறத்தது. 1953-இல் ஹாரி பெர்குசனுடைய நிறுவனமும், கனடா நாட்டு மாசி-ஹாரிஸ் நிறுவனமும் ஒன்றாயின. அதன் வழிவந்த மாசி பெர்குசன் வண்டிகள் செந்நிறம் பூண்டன. 1960-இல் சென்னையில் நிறுவப்பெற்ற டாபே நிறுவனம் அவ்வகை வண்டிகளை நம் நாட்டிற் செய்யலாயிற்று. நம் பக்கத்து வயல்களிற் சிவந்த பழைய டிராக்டர்கள் பலவாகக் காணப்படுதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாம். வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழிற் குறிக்கப்படுவதாதலின், பழைய நிறத்தையே மீண்டும் பூசுதல் நன்று. மாற்ற விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே வினவுதல் வேண்டும். கருவிப் பெட்டியின் உட்புறம் போன்ற வெயில் படாத இடங்களிற் பழைய நிறம் மங்காதிருக்கும்; கடைக்காரர்க்கு அதனையே மாதிரியாகக் காட்டுக.

இனி, வேலைக்குரிய காலமும் இடமும் யாவையெனக் காண்பாம். ஐப்பசி, கார்த்திகை மாதத்து அடைமழை இதற்கு ஆகாது. மாசி முதல் சித்திரை வரையுள்ள நாட்கள் ஏற்றன. தகட்டின் வெப்பம், காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும் நிலையினும் 3 பாகை செல்சியசேனும் மிகுந்திருத்தல் வேண்டுமென்பது வண்ணத் தொழிலின் பொதுவிதி. அன்றேல், கண்ணுக்குப் புலனாகாத ஈரம் தகட்டிற் படிந்து, வண்ணத்தைப் பற்றவொட்டாது தடுக்கும். ஆதலின், காலைப் பனி முற்றும் உலர்ந்த பின்னரே தொடங்குக. உச்சி வெயிலிற் சுடும் தகட்டின்மேற் பூசுதலும் தகாது. தூரிகைத் தடம் மறையுமுன்பே வண்ணம் இறுகிவிடும். மரத்தடி குளிர்ச்சியாயினும் இலையும், பூச்சியும், பறவை எச்சமும் விழுதலின் ஆகாது. பக்கம் திறந்த கொட்டகையே சிறந்தது. களத்தில் நெல் தூற்றும் நாளில் அங்கும் பூசற்க.

இனிச் செய்முறை கூறுவாம். பேட்டரியின் இணைப்பை, முதலில் எதிர்முனையும் பின்னர் நேர்முனையுமாகக் கழற்றிவிடுக. கெட்டியாகப் படிந்த சேறும் கிரீசும் மரச்சில்லாற் சுரண்டப்படவேண்டும். எஞ்சியதை டீசல் தோய்த்த தூரிகையால் தேய்த்து, சவர்க்கார நீராற் கழுவி, பின்பு நல்ல நீரால் அலசி உலர்த்துக. பெட்ரோலைக் கொண்டு கழுவுதல் கூடவே கூடாது; அதன் ஆவி ஒரு சிறு பொறியாலும் தீப்பற்றும். கழுவிய எண்ணெய் நீர் வாய்க்காலிற் சேராதவாறு காத்தல் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு நீங்கிற்றா என அறிதற்கு எளியதொரு சோதனை உண்டு. தகட்டின்மீது தூய நீரைத் தெளித்தால், அது மெல்லிய படலமாகப் பரவுமாயின் தகடு தூயது. தாமரை இலைமேல் நீர்போலத் திரண்டு நிற்குமாயின் பிசுக்கு இன்னும் உளது.

அடுத்து வருவது தேய்த்தல். இறுகப் பற்றியிருக்கும் பழைய வண்ணம் முழுவதையும் அகற்ற வேண்டுவதில்லை. அதனைச் சொரசொரப்பாக்கினாற் போதும். இதனால் உழைப்பும் செலவும் குறையும். கொப்புளித்த இடங்களையும் துருவேறிய இடங்களையும் கம்பித் தூரிகையாலும் 80-ஆம் எண் உப்புத்தாளாலும் இரும்பு தெரியுமட்டும் தேய்க்க. பின், 220-ஆம் எண் தாளைக் கொண்டு, பழைய வண்ணத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாதவாறு சரிவாக்குக. உப்புத்தாளின் எண் மிக மிக அதன் மணல் நுண்ணியதாகும் என்பதை நினைவிற் கொள்க.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய சிவப்பு, மஞ்சள் வண்ணங்களில் ஈயம் கலந்த நிறமிகள் இருந்திருத்தல் கூடும். நடுவண் அரசு 2016-இல் வகுத்து 2017 நவம்பர் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த விதிகள், வண்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்துக்கு 90 பங்கினை மிகலாகாதென வரையறுத்தன. அவையும் வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உரிய வண்ணங்களையே குறித்தன. அதற்கு முற்பட்ட டிராக்டரின் வண்ணத் தூளை நஞ்சென்றே கருதுதல் அறிவுடைமை. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலின், தாளை நீரில் நனைத்துத் தேய்க்க; என்-95 முகமூடி அணிக; குழந்தைகளையும் கோழி ஆடுகளையும் அவ்விடம் அணுகவிடற்க. கீழே பழைய படுதா விரித்துத் தூளைச் சேர்த்துக் கட்டுக. கை கழுவாது உணவு கொள்ளற்க. அவ்வுடையைப் பிற துணிகளோடு சேர்த்துத் துவைக்கற்க.

மூலை முடுக்குகளிலும் பள்ளங்களிலும் எத்துணை தேய்ப்பினும் சிறிது துரு எஞ்சும். அதற்குத் துருமாற்றி என்னும் நீர்மம் கடைகளிற் கிடைக்கின்றது. அதன்கண் பாஸ்பாரிக் அமிலமோ, டானின் என்னும் துவர்ப்புப் பொருளோ இருக்கும். டானின் துருவோடு கூடிக் கரிய நிறமுடைய நிலைத்த பொருளாக அதனை மாற்றுகின்றது. இவ்வியல்பு நம்மவர்க்குப் புதிதன்று. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடுமிடத்துக் கருமை பிறத்தலைச் சாயத் தொழிலாளர் பண்டே அறிந்திருந்தனர். கலங்காரித் துணியின் கருங்கோடுகள் அவ்வாறு அமைவனவே. ஆயினும் உதிரும் துருவின்மேல் இந்நீர்மத்தைப் பூசுதலாற் பயனில்லை. தேய்த்தலுக்குத் துணையேயன்றி மாற்றன்று அது.

துப்புரவான இரும்பை ஓரிரவும் வெறுமேனியாக விடலாகாது. காலையில் தேய்த்த பகுதிக்கு அன்று மாலைக்குள் ரெட் ஆக்சைடு என்னும் அடிப்பூச்சு இடுக. அதிலுள்ள செம்பொடி இரும்பு ஆக்சைடாதலின் துருவின் உடன்பிறப்பே எனலாம். தன்னளவில் ஏற்கெனவே மாறி முடிந்த பொருளாதலின் மேலும் கெடாது அடங்கிக் கிடக்கின்றது. நசுங்கிய பள்ளங்களை அடிப்பூச்சின் மேற் பட்டி பார்த்து நிரப்பித் தேய்த்து, அவ்விடத்தில் மறுபடியும் அடிப்பூச்சு இடுக. வயலில் உழைக்கும் வண்டிக்குப் பட்டி சிறிதே போதும். தடித்த பட்டி அதிர்ச்சியால் வெடித்து வீழும். அடிப்பூச்சு நுண்துளைகள் உடையது; மேற்பூச்சின்றி மழையில் விட்டால் ஈரத்தை உறிஞ்சும்.

மேற்பூச்சுக்கு முன், பூசலாகாத இடங்களை நாளிதழாலும் ஒட்டுநாடாவாலும் மறைக்க. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொறித்த தகடும் இடமும் இவற்றுள் முதன்மையானவை. அவ்வெண்கள் வண்ணத்துள் மறையின், வண்டியை விற்கும்போதும் தகுதிச் சோதனையின்போதும் வீண் ஐயம் விளையும். கிரீஸ் நிப்பிள்களும், ரப்பர் குழாய்களும், ஹைட்ராலிக் தண்டின் பளபளக்கும் பகுதியும், விளக்கின் கண்ணாடியும், மின்னிணைப்பு முனைகளும் வண்ணம் ஏலாதன. ரேடியேட்டரின் மெல்லிய இதழ்களிடையே வண்ணம் அடைத்தால் எஞ்சின் சூடேறும். சைலன்சருக்கு வெப்பம் தாங்கும் தனி வண்ணமே வேண்டும். பிறவண்ணம் ஒரு நாளிற் கருகும்.

இல்லத்திற் பூசுதற்கு ஏற்றது சிந்தெடிக் எனாமலே. சமமான பரப்பில் ஒரு லிட்டர், ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் பரவும். முப்பத்தைந்து குதிரைத்திறன் வண்டியொன்றின் தகடுகளுக்கு இரண்டு மூன்று லிட்டரும், சக்கர வட்டுக்களுக்கு ஒரு லிட்டரும் பெரும்பாலும் போதும். தகரத்தின்மேற் கூறிய அளவே தின்னர் சேர்க்க. அகன்ற பகுதிகளுக்குச் சிறு நுரை உருளையும், இடுக்குகளுக்கு நல்ல தூரிகையும் கொள்க. ஒரு தடித்த பூச்சினும் இரண்டு மெல்லிய பூச்சுக்களே மேலானவை. தடித்தது வழிந்து சுருங்கும். முதற்பூச்சை ஓரிரவு உலரவிட்டு, 400-ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்துத் துடைத்து மறுபூச்சு இடுக. புதிய வண்ணம் பழையதனோடு இணங்குமோ என்பதை மறைவான ஓரிடத்திற் பூசிப் பார்த்தறிக; சுருங்கினால் அவ்விடத்துப் பழைய வண்ணத்தை நீக்குக. ஒரு வாரமேனும் சேற்றில் இறக்காது வைத்தல் நலம்.

பட்டறைகளிற் போலப் பளபளப்பு வேண்டி, கெட்டியாக்கும் நீர்மம் கலந்த பாலியூரிதேன் வண்ணத்தைக் காற்றழுத்தத்தாற் பீச்ச விழைவார் உளர். அந்நீர்மத்திலுள்ள ஐசோசயனேட் என்னும் பொருள், மாறாத ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. துணி முகமூடியும் என்-95 முகமூடியும் அதனைத் தடுக்கமாட்டா. தூய காற்றைக் குழாய் வழியே தரும் தனிக்கருவி வேண்டும். அத்தகைய கருவி இல்லாத வீட்டில் அவ்வண்ணம் ஆகவே ஆகாது. தூரிகைத் தடம் சிறிது தெரிதலால் வண்டிக்குக் குறையொன்றுமில்லை. நுரையீரலுக்கு மாற்று உறுப்பு எக்கடையிலும் இல்லை. எண்ணெயும் எனாமலும் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தலும் தீது. அவை தாமே சூடேறித் தீப்பற்றுதல் உண்டு. விரித்து உலர்த்துக, அல்லது நீரில் அமிழ்த்துக.

செலவைக் குறைக்கக் கருதுவோர் எங்கே குறைப்பது என்பதையும் அறிதல் வேண்டும். காற்றழுத்தப் பொறியும், விலைமிக்க பட்டியும், பளபளப்பும் இல்லாமலே காரியம் நடக்கும். அடிப்பூச்சு, உப்புத்தாள், முகமூடி ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. ஆண்டுதோறும் நடவு முடிந்தபின் வண்டியைக் கழுவி, கல்பட்டுப் பெயர்ந்த இடங்களைத் தேய்த்து, எஞ்சிய வண்ணத்தால் தொட்டு வைத்தால், முழு வேலையை மீண்டும் செய்யும் காலம் நெடிது தள்ளிப்போகும். இதற்கெனக் கால் லிட்டர் வண்ணத்தை இறுக மூடி வைப்பது நன்று. துரு உறங்குவதில்லை, உழவனும் ஆண்டுக்கு ஒரு நாள் அதற்கென விழித்திருப்பானாயின், தந்தை ஓட்டிய வண்டியை மகனும் ஓட்டுவான் என்பது திண்ணம்.