பதினைந்து பெற்றோர் கேட்டால் போதும்

நான் தமிழ் கற்பிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளியை எந்த ஊர்ப் பள்ளி என்று சொல்வது சிரமம். மூன்று சிறுபட்டணங்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் இது ஒன்றுதான். நான்கு தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைகள் முதலாம் படிவத்தில் இங்கே வந்து சேர்கிறார்கள். ஒரு பள்ளியிலிருந்து ஐந்து பேர் வருவார்கள். இன்னொன்றிலிருந்து இரண்டே பேர். முதல் வாரம் ஊர் ஊராகப் பிரிந்து உட்காருவார்கள். பூப்பந்து மட்டையை யாராவது வெளியே எடுத்துவிட்டால் அந்தப் பிரிவினை அன்றோடு முடிந்துவிடும்!

இந்தச் சிறு எண்ணிக்கைகள் சேர்ந்துதான் எங்கள் தமிழ் வகுப்பு நடக்கிறது. பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். ஒரு வகுப்பில் 15 பேர் வேண்டும் என்று பல பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல, பள்ளி முழுவதிலும் 15 பேர். ஆனால் கேட்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தமிழ் தானாகத் தொடரும் என்று இருந்துவிடக் கூடாது.

2022இல் பி.டி.3 தேர்வு அகற்றப்பட்ட பிறகு, "எஸ்.பி.எம். நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு அதிகமாகிவிட்டது. மூன்று ஆண்டுகள் தமிழை விட்டுவிட்டு நான்காம் படிவத்தில் திரும்பி வருபவர்களை எனக்குத் தெரியும். சரளமாகப் பேசுவார்கள், வாசிப்பார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் ஆறாம் ஆண்டு நடையிலேயே நிற்பார்கள். அதை ஈராண்டுகளில் சரிக்கட்டுவது பெரும்பாடு.

எங்களுக்கு உண்மையான தடை வேன்தான். தமிழ் வகுப்பு பள்ளி நேரத்திற்குப் பிறகு நடக்கும் நாள்களில் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வாகனம் இருக்காது. "டீச்சர், அந்தப் பக்கம் எங்க புள்ள ஒருத்திதான். அவளுக்காக வேன் நிக்குமா?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு மூன்று பட்டணத்துப் பெற்றோரும் கூடிப் பேசி, கூடுதல் கட்டணத்தைப் பங்கிட்டு, வேன்காரரை வாரத்தில் ஒரு நாள் காத்திருக்கச் சம்மதிக்க வைத்தார்கள்.

முதலாம் படிவத்திற்குப் பதியப் போகும் பெற்றோர்கள் அன்றே தமிழ் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பக்கத்துப் பட்டணத்துப் பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேன் விஷயத்திற்குத் தேவைப்படும்.