படத்தில் அம்மா எங்கே?

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் பயண ஏற்பாடுகள் களைகட்டிவிடுகின்றன. ஒரு குடும்பம் வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறது. மற்றொரு குடும்பம் கொடைக்கானலுக்கு. தாத்தா பாட்டி வீடே போதும் என்று அனகாபுத்தூருக்கு வந்து இறங்கும் பேரப்பிள்ளைகளும் உண்டு. எங்கே சென்றாலும் கைபேசியில் நூற்றுக்கணக்கான படங்களுடன் வீடு திரும்புகிறோம்.

ஆனால் வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்து, மறைந்த தாயின் படத்தைச் சட்டமிட்டு மாட்ட வேண்டிய வேளையில், அத்தனை படங்களிலும் அவருடைய முகம் தெளிவாகத் தெரியும் ஒன்றுகூட அகப்படாமற் போவதுண்டு. கடைசியில் அடையாள அட்டையிலுள்ள மங்கிய படத்தையே பெரிதாக்கும் நிலை வந்துவிடுகிறது. காரணம் எளிது. எல்லோரும் கடலைப் பார்த்து நின்றபோது அம்மா புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பைகளுக்குக் காவலாக அமர்ந்திருந்தார். அல்லது படம் எடுத்தவரே அவராக இருந்தார்.

நல்ல குடும்பப் படத்திற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து இதைக் காணப்போகும் நம் பிள்ளைகளுக்கு இப்படம் என்ன சொல்லும் என்ற நினைவு வேண்டும். அந்நினைவு இருந்தால் எங்கே நிற்பது, யாரை நிறுத்துவது என்பதெல்லாம் தாமே விளங்கும்.

பன்னிரண்டு படங்களின் பாடம்

நம் பெற்றோர் காலத்தில் ‘ஆக்ஃபா கிளிக் 3’ என்ற சிறு காமிரா பல வீடுகளில் இருந்தது. அதில் ஒரு படச்சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் மட்டுமே கிடைக்கும். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்னும் பெயரில் வெளியிட்ட கறுப்பு வெள்ளைச் சுருளும் அன்று பெயர்பெற்றிருந்தது. சுருளுக்கும், கழுவுவதற்கும், அச்சிடுவதற்கும் தனித்தனியே பணம் கொடுக்க வேண்டும். ஆதலால் ஒவ்வொரு படத்திற்கு முன்பும் யோசித்தார்கள். ‘பாட்டி வந்துவிட்டாரா? எல்லோர் முகமும் தெரிகிறதா?’ என்று கேட்டுக்கொண்டார்கள்.

இன்று படத்திற்குச் செலவில்லை. அதனாலேயே யோசனையும் குறைந்துவிட்டது. எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் பயணம் புறப்படுமுன், ‘இந்தப் பன்னிரண்டு படங்கள் கட்டாயம் வேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே ஒன்று. பெற்றோர் இருவரும் சேர்ந்து ஒன்று. பாட்டியும் பேத்தியும் ஒன்று. முழுக் குடும்பமும் ஒன்று. பட்டியல் எழுதினால் விடுபட்டவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கதிரவன் எப்பக்கம்?

நம் சோழமண்டலக் கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுகிறான். கோவளத்திலோ, மாமல்லபுரத்திலோ, வேளாங்கண்ணியிலோ காலையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்களின் முகம் இருண்டே விழும். ஒளி அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது. அதே இடத்தில் மாலை நாலரை மணிக்குமேல் நின்றால் மேற்கிலிருந்து வரும் இளவெயில் நேரே முகத்தில் படும். பின்னால் அலையும் அழகாகத் தெரியும். கடலோடு சேர்த்துக் குடும்பத்தைப் படமெடுக்க மாலையே உகந்தது. காலையில் எடுப்பதானால் கரைப்பக்கம் முதுகு காட்டி நிற்கச் செய்யுங்கள்.

நண்பகலைத் தவிர்ப்பது நலம். சென்னைப் பகுதியில் ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாள்களில் உச்சி வேளைக் கதிரவன் ஏறக்குறைய நேர் தலைக்குமேல் நிற்கிறான். அப்போது கண்குழியிலும் மூக்கின் கீழும் கருநிழல் விழுந்து, இளையவரும் முதியவர் போலத் தோன்றுவர். அவ்வேளையில் எடுத்தே ஆகவேண்டுமானால் மரநிழலுக்கோ, வீட்டுத் திண்ணைக்கோ அனைவரையும் அழைத்துச் செல்லுங்கள். நிழல் முகம் முழுதும் ஒரே சீராக விழ வேண்டும். இலைகளின் ஊடே வெயில் புள்ளிபுள்ளியாக முகத்தில் படலாகாது. கொடைக்கானலின் மூடுபனியைக் கண்டு மனம் சோர வேண்டாம். மலை தெரியாவிட்டாலும் முகங்கள் அந்த மெல்லொளியில் மிக நன்றாக அமையும்.

அருகே செல்லுங்கள், தாழ்ந்து நில்லுங்கள்

கோபுரம் முழுவதும் தெரிய வேண்டுமென்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பவர் உண்டு. இறுதியில் கோபுரம் இருக்கும். குடும்பம் எறும்பு வரிசையாகிவிடும். கட்டடத்தின் படம் கடையிலும் கிடைக்கும். இடத்தைக் காட்டத் தனியே ஒன்று எடுங்கள். மனிதர்களைக் காட்ட நாலைந்து அடி தொலைவுக்கு வந்து எடுங்கள். கைபேசியில் விரல்களால் உருவத்தைப் பெரிதாக்குவதைவிட, இரண்டு எட்டு முன்னே நடப்பது மேல். அப்படிப் பெரிதாக்கினால் பெரும்பாலும் படத்தின் தெளிவு குறைந்துவிடுகிறது. எடுக்குமுன் கண்ணாடி வில்லையை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். பல படங்களின் மங்கலுக்கு விரல் பிசுக்கே காரணம். பிறகு திரையில் முகத்தின்மீது ஒருமுறை தொட்டால் கருவி அம்முகத்திற்கேற்பத் தெளிவையும் ஒளியையும் அமைத்துக்கொள்ளும்.

குழந்தையைப் படமெடுப்பவர் முழங்காலிட்டு அதன் கண்மட்டத்திற்கு இறங்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் தலைதான் பெரிதாகத் தெரியும். ‘சிரி, சிரி’ என்று வற்புறுத்துவதால் வருவது சிரிப்பன்று. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறீர்களா? 1985 முதல் அங்கே இயங்கிவரும் அப்பூங்காவில் புலியின் படம் எவருக்கும் கிடைக்கும். புலியை முதன்முதலாகக் கண்ட உங்கள் மகனின் முகம் உங்களுக்கு மட்டுமே கிடைக்கும். காமிராவை அவன் பக்கம் திருப்புங்கள்.

பரங்கிமலைப் படிகளில் பாட்டி இளைப்பாற அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய உச்சிக் கோயிலுக்கு முன்னால் எல்லோரும் விறைப்பாக நிற்கும் படத்தைவிட, பேரன் தண்ணீர்ப் புட்டியைப் பாட்டியிடம் நீட்டும் அந்தப் படிக்கட்டுப் படமே பின்னாளில் உள்ளத்தைத் தொடும். கோயிலுக்குள் வழிபாடு நடக்கும்போது காமிராவை மூடி வைப்பது பிறருக்கு நாம் செய்யும் மரியாதை.

குழுப்படத்தில் பெரியவர்களை நாற்காலியில் நடுவே அமர்த்துங்கள்; உயரமானவர்கள் பின்னே நிற்கட்டும்; சிறுவர்கள் முன்னே தரையில் அமரட்டும். ஒருவர் கண் இமைத்துவிடுவார் என்பதால் தொடர்ந்து நாலைந்து எடுங்கள். படம் எடுப்பவரும் சேர வேண்டுமே! அருகில் செல்லும் ஒருவரிடம், ‘தம்பி, எங்களை ஒரு படம் எடுத்துத் தருவீர்களா?’ என்று கேட்டால் மறுப்பவர் அரிது. கைபேசியைச் சுவரில் சாய்த்துப் பத்து வினாடி கழித்து இயங்கச் செய்யும் வசதியும் உண்டு. படத்திற்காகப் பாறை விளிம்பிலோ, தண்டவாளத்திலோ, அலைக்கு முதுகு காட்டியபடி நீருக்குள்ளோ நிற்க வேண்டாம். கடலோடு எடுக்கும்போதும் அலை எட்டாத மணலிலேயே நில்லுங்கள்.

பாட்டி வீட்டிலும் பயணம் உண்டு

செலவு செய்து தொலைதூரம் போக இயலாத குடும்பங்கள் குறைபட வேண்டியதில்லை. அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். இங்கே நெய்த ‘மதராஸ் கைக்குட்டை’த் துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரை சென்றது. பின்னாளில் வாழை நார் முதலிய இயற்கை நார்களில் புடவை நெய்தும் இவ்வூர் பெயர்பெற்றது. தறிகள் இன்று குறைந்துவிட்டன. தாத்தா தறியில் அமர்ந்திருப்பதையும், நாடாவைப் பிடிக்கும் அவர் கையையும், அருகில் நின்று பார்க்கும் பேத்தியையும் இந்த விடுமுறையிலேயே படமெடுங்கள். அடுத்த விடுமுறையில் அந்தத் தறி அங்கே இருக்குமா என்பதை யார் அறிவார்? தறியில்லாத வீட்டில் தையல் இயந்திரமோ, அம்மியோ, கிணற்றடியோ இருக்கும்.

அடையாறு கற்பித்தது

எடுப்பது பாதி, காப்பது மறுபாதி. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் மழைநீரும் சேர்ந்து அடையாற்றில் பெருக்கெடுத்தன. அனகாபுத்தூர், பொழிச்சலூர், முடிச்சூர் முதலிய இடங்களில் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. பாத்திரத்தைக் கழுவிக்கொள்ளலாம், கட்டிலை மீண்டும் வாங்கலாம். கட்டிலின் கீழே டிரங்குப் பெட்டியில் இருந்த திருமண ஆல்பத்தை எங்கே வாங்குவது?

ஆதலால் ஆல்பங்களை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பழைய படங்களை நல்ல ஒளியில் கைபேசியால் படியெடுத்து, வெளியூரிலுள்ள உடன்பிறந்தார் ஒருவரிடமும் ஒரு படி கொடுத்துவையுங்கள். கைபேசியிலுள்ளவற்றையும் கணிப்பொறி, தனிச் சேமிப்புக் கருவி என இன்னும் இரண்டு இடங்களில் வைப்பது நன்று. கைபேசி தொலைந்தால் பத்தாண்டு நினைவுகளும் ஒரே நாளில் தொலையும்.

அச்சுப் படங்கள் நனைந்துவிட்டால் பதற வேண்டாம். ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்காதீர்கள், தூய குளிர்ந்த நீரில் வைத்தால் மெல்லப் பிரியக்கூடும். சேற்றை நீரிலேயே அலசி, படப்பக்கம் மேலே இருக்க, தூய துணியின்மீது நிழலில் உலர்த்துங்கள். படப்பரப்பை விரலால் தேய்க்கலாகாது; வெயிலிலும் காயவைக்கலாகாது. உடனே உலர்த்த இயலாவிட்டால் நெகிழிப் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்துப் பின்னர் கவனிக்கலாம்.

பெயரில்லாத படம் இரண்டு தலைமுறையில் அந்நியர் படமாகிவிடும். ஊர் திரும்பிய வாரத்திலேயே குடும்பமாக அமர்ந்து இருபது படங்களைத் தேர்ந்து அச்சிடுங்கள். பின்புறத்தில் ஓரமாக, மென்மையான பென்சிலால், யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பேனாவின் மை ஊறிவிடும். அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ‘இவர் யார் பாட்டி?’ என்று அவர்கள் கேட்கும்போது உறவுமுறையும் குடும்பக் கதையும் சேர்ந்தே அவர்களிடம் போய்ச் சேரும்.

இந்த விடுமுறைக்குப் புறப்படுமுன் அந்தப் பன்னிரண்டு படப் பட்டியலை எழுதுங்கள். முதல் வரியில் அம்மாவின் பெயர் இருக்கட்டும். உணவுப் பொட்டலத்தை இன்னொருவர் பிரிக்கட்டும். அம்மா வந்து நடுவில் நிற்கட்டும்.