உயிர் காக்கும் கோடு!

போர் விமானத்தின் மாதிரியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? விமானி உட்காரும் இடத்தை மூடியிருக்கும் கண்ணாடிக் கூட்டுக்கு, 'கேனபி' என்று பெயர். சில விமானங்களில், அதன் மேல் மெல்லிய கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடும். மாதிரி விமானம் செய்வோர், மிகப் பொறுமையாக அதையும் போட்டு விடுகின்றனர்.

'அழகுக்குத்தானே...' என்று நினைக்காதீர்கள். அது, உயிர் காக்கும் கோடு!

உண்மை விமானத்தில், அது மெல்லிய வெடிமருந்து இழை. ஆபத்து நேரத்தில், விமானி கைப்பிடியை இழுத்ததும் இழை வெடித்து, கேனபியை உடைக்கும். உடனே, ராக்கெட் பொருத்திய இருக்கை விமானியோடு வெளியே பாயும். உடையாத கேனபியில் தலை மோதினால் என்ன ஆகும்?

நம் விமானப் படையின், 'சூர்யகிரண்' சாகசக் குழு ஓட்டும் ஹாக் விமானத்தில், இந்தக் கோடு பளிச்செனத் தெரியும். தேஜஸ் விமானத்திலும், கேனபியை வெடித்து அறுக்கும் ஏற்பாடு உண்டு. 2024 மார்ச் 12ல், ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சல்மேர் அருகே தேஜஸ் ஒன்று விழுந்தபோது, விமானி இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார்.

தேஜஸ் படைப்பிரிவு, 2018ல் கோவை அருகே உள்ள சூலூருக்கு வந்தது. பழநி பக்கத்து பாலசமுத்திரத்திலிருந்து சூலூர், வான்வழியில் 80 கி.மீ., கூட இல்லை!

தேஜஸ் நீளம், 13.2 மீட்டர். 72ல் 1 பங்கு அளவில் மாதிரி செய்தால், 18 செ.மீ., தான் இருக்கும். உண்மையில், 7 மி.மீ., அகலமான கோடு, மாதிரியில் 0.1 மி.மீ., ஆகிவிடும். தலைமுடி அளவு! அதனால், அச்சிட்ட ஸ்டிக்கரை நீரில் நனைத்து ஒட்டுவர்.

நாம் கொஞ்சம் பெரிய மாதிரியில் பழகலாமா?

* பெரியவர் உதவியோடு, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் வளைந்த பகுதியை, கேனபி வடிவில் வெட்டுங்கள்.

* தாளை இரண்டாக மடித்து, ஒரு பாதியில் கோட்டை வரைந்து, மறு பாதியிலும் அப்படியே பதியுங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல் அமையும். விரித்து, கேனபியின் உட்புறம் வையுங்கள்.

* செல்லோ டேப்பில் வெள்ளை பெயின்ட் பூசி, காய்ந்ததும், 1 மி.மீ., அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். பிளேடைப் பெரியவரே பிடிக்கட்டும்.

* உள்ளே தெரியும் கோட்டின் மேல், வெளிப்புறமாகப் பட்டையை ஒட்டுங்கள். வளைவுகளில், சிறு சிறு துண்டுகளாக ஒட்டினால் சுருங்காது. முடிந்ததும், தாளை எடுத்து விடுங்கள்.

* கேனபியை விமானத்தில் பொருத்த, பெவிகால் போதும். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம். அதன் ஆவி பட்டால், கேனபி புகை படிந்தது போல் மங்கிவிடும்.

யாராவது, 'இது என்ன கீறல்?' என்று கேட்டால், விஷயத்தைச் சொல்லி அசத்துங்க குட்டீஸ்!