பழைய சேலை திரைச்சீலை ஆகும்! வீடு சிங்காரமாகும்!

அழகான வீட்டில் குடியிருக்க ஆசைப்படாதவர்கள் யார்? ஆனால், "அதற்கெல்லாம் பணம் வேண்டுமே!" என்ற பெருமூச்சும் கூடவே வந்துவிடுகிறது.

இப்போது பழைய பாணிக்கு மவுசு வந்திருக்கிறது. 1950, 1960-ம் ஆண்டுகளில் இருந்த வீடுகளைப் போல, வண்ண வண்ணமாக அறைகளை அலங்கரிக்கப் பலர் விரும்புகிறார்கள். பெரிய கடைகளில் இதற்கென்றே நாற்காலி, மேஜை, விளக்குகள் விற்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். தவணையில் வாங்கிவிட்டு, மாதம் பிறந்தால் வட்டி கட்டத் தவிக்கிற குடும்பங்களும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகள் அழகாக இருந்ததற்குப் பணம் காரணம் அல்ல. சிக்கனம்தான் காரணம்!

பொங்கல் வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அதில் ஒரு பிடி நீலமோ, காவியோ கலந்தார்கள். கட்டிக் கிழிந்த சேலை திரைச்சீலை ஆயிற்று. மளிகைக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த காலண்டர் சுவரை அலங்கரித்தது. தரையில் ஜமக்காளம் விரிந்தது. அவ்வளவுதான்!

அதே வழியில் இன்றும் வீட்டைச் சிங்காரிக்கலாம். கடன் வாங்க வேண்டியது இல்லை.

குப்பையில் கிடந்த நாற்காலி

பழைய சாமான் என்றால் மட்டம் என்று நினைக்கக் கூடாது. அதற்கு ஒரு நல்ல உதாரணம் சண்டிகர்.

1951-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில் இருந்து கட்டிடக் கலைஞர் லெ கார்பூசியே, சண்டிகர் நகரை உருவாக்க வந்தார். அவருடைய உறவினர் பியேர் ஜான்னரேயும் கூட வந்தார். அரசாங்க அலுவலகங்களில் போடுவதற்காகத் தேக்கு மரத்திலும் பிரம்பிலும் எளிமையான நாற்காலிகள் செய்யப்பட்டன. குமாஸ்தாக்கள் உட்கார்ந்து வேலை செய்த நாற்காலிகள் அவை.

காலம் போனது. நாற்காலிகள் பழசாகிவிட்டன. மொட்டை மாடியில் போட்டார்கள். கழிவுச் சாமானாக ஏலத்தில் விற்றார்கள். அவற்றின் அருமை தெரிந்த வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிக்கொண்டு போய், பழுது பார்த்து, லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள்! 2011-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் விழித்துக்கொண்டு, இந்தச் சாமான்களைப் பாதுகாக்க உத்தரவு போட்டது.

நம் வீட்டுப் பரணில் கிடக்கும் நாற்காலி லட்ச ரூபாய்க்குப் போகாது. ஆனால் அதையும் பழைய இரும்புக்கடைக்கு எடை போட்டுக் கொடுக்கும் முன், ஒரு முறை துடைத்துப் பார்க்க வேண்டும்.

செம்பைப் புகழ்ந்த தம்பதி

அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி, நாற்காலிகளுக்கு வடிவம் கொடுப்பதில் உலகப் புகழ் பெற்றவர்கள். இன்று "பழைய பாணி" என்று விற்கப்படும் சாமான்களில் பல, இவர்கள் காட்டிய வழியில் வந்தவை. 1958-ம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று, இவர்கள் இந்தியா முழுவதும் சுற்றிப் பார்த்தார்கள்.

இந்தியாவில் இவர்கள் மிகவும் வியந்து பாராட்டிய பொருள் எது தெரியுமா? தண்ணீர் எடுக்கும் சாதாரணச் செம்பு! கைக்கு அடக்கம், இடுப்புக்கு அடக்கம், ஊற்றுவதற்கு வசதி, தேய்க்கச் சுலபம், பார்க்கவும் அழகு. இப்படிப் பல குணங்களும் ஒரே பொருளில் அமைந்திருப்பதை எண்ணி வியந்து, அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதினார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1961-ம் ஆண்டில் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தொடங்கப்பட்டது.

அப்படியானால், பாட்டி வைத்துவிட்டுப் போன பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து, ஜன்னல் ஓரத்தில் வைத்து, நாலு செம்பருத்திப் பூவைச் செருகினால் போதும். அதைவிட நல்ல பூச்சாடி எந்தக் கடையில் கிடைக்கும்?

மூன்றே நிறம்

வண்ணம் என்றதும் கண்ட நிறங்களையும் அள்ளித் தெளிக்கக் கூடாது. அறை கலகலப்பாக இருக்க வேண்டும். கண்ணைக் குத்தக் கூடாது.

அதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ஓர் அறைக்கு மூன்று நிறம். பத்துப் பங்கில் ஆறு பங்கு வெளிர் நிறம். இது சுவருக்கு. மூன்று பங்கு நடுத்தர நிறம். இது திரைக்கும் விரிப்புக்கும். ஒரு பங்கு அடர்த்தியான நிறம். இது தலையணை உறை, பூச்சாடி, ஒற்றை நாற்காலி போன்ற சின்னச் சாமான்களுக்கு.

சந்தன நிறச் சுவர், கிளிப்பச்சைத் திரை, அரக்கு நிற நாற்காலி. இது ஒரு ஜோடிப் பொருத்தம். வெளிர் நீலச் சுவர், எலுமிச்சை மஞ்சள் விரிப்பு, காப்பிக்கொட்டை நிற மேஜை. இது இன்னொன்று. நிறம் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்கள், வீட்டில் இருக்கும் பிடித்த சேலை ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். உடல், கரை, முந்தானை என்று மூன்று நிறத்தையும் நெசவாளரே பொருத்தி வைத்திருக்கிறார்!

சுவருக்குச் சுண்ணாம்பு

சுண்ணாம்பு பூசிய பழைய சுவர் என்றால், மறுபடியும் சுண்ணாம்பு அடிப்பதே மலிவு. நீற்றிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். மஞ்சள் காவி, செங்காவி, நீலம் ஆகியவை சுண்ணாம்பில் நிறம் மாறாமல் நிற்கும்.

சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மெல்லியதாக இரண்டு, மூன்று முறை அடிக்க வேண்டும். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும். காய்ந்தால் வெளுத்துவிடும். எனவே ஒரு மூலையில் சிறிது பூசி, காயவிட்டுப் பார்த்த பிறகே அறை முழுவதும் அடிக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

எண்ணெய் வர்ணம் பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. வாடகை வீடாக இருந்தால், வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. அவர் சம்மதிக்காவிட்டால் கவலை இல்லை. சுவருக்குப் பதிலாக அலமாரியின் உட்புறத்துக்கு மட்டும் வர்ணம் பூசலாம். கதவைத் திறந்ததும் பளிச்சென்று இருக்கும்!

ஒரு சேலை, இரண்டு திரை

ஒரு சேலையின் நீளம் சுமார் 18 அடி. கதவின் உயரம் 7 அடி. மேலும் கீழும் மடித்துத் தைக்க 8 அங்குலம் சேர்த்தால், ஒரு திரைக்கு 7 அடி 8 அங்குலம் வேண்டும். இரண்டு திரைக்கு 15 அடி 4 அங்குலம். மிச்சம் 2 அடி 8 அங்குலம் இருக்கும். அதில் 15 அங்குலத் தலையணை உறை இரண்டு தைக்கலாம்! தையற்கூலி மட்டுமே செலவு.

நைந்துபோன பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, கரையும் முந்தானையும் கண்ணில் படும்படி தைக்க வேண்டும். சமையல் அறை அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் திரை தொங்கவிடக் கூடாது.

கட்டம் போட்ட பருத்தித் துணியும் திரைக்கு எடுப்பாக இருக்கும். இந்தக் கட்டத் துணிக்கு வெளிநாட்டில் "மெட்ராஸ்" என்றே பெயர். 1958-ம் ஆண்டில் இந்தத் துணி அமெரிக்காவுக்கு நிறையப் போயிற்று. துவைத்தபோது சாயம் போய்விட்டது என்று அங்கே கூச்சல் கிளம்பியது. வியாபாரிகள் சளைக்கவில்லை. "சாயம் போவதே இந்தத் துணியின் தனி அழகு. ஒவ்வொரு சலவையிலும் புது நிறம்!" என்கிற விதமாக விளம்பரம் செய்தார்கள். துணி அமோகமாக விற்றது! இருந்தாலும், முதல் சலவையில் இதைத் தனியே துவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தரைக்கு ஜமக்காளம்

காவிரியும் பவானியும் கூடும் இடம் பவானி நகரம். அங்கே கைத்தறியில் நெய்யும் ஜமக்காளம், பட்டை பட்டையாகப் பல நிறத்தில் இருக்கும். 2005-ம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறியில் நெய்த போலிகளும் சந்தையில் உண்டு. கூட்டுறவுச் சங்கக் கடையில் பார்த்து வாங்குவது நல்லது. பண்டிகைக் காலத்தில் கோ-ஆப்டெக்சில் தள்ளுபடியும் கிடைக்கும்.

ஒரு ஜமக்காளம் வாங்கினால் பல வருஷம் உழைக்கும். பகலில் பெஞ்சின் மேல் விரிப்பு, இரவில் படுக்கை, விருந்தினர் வந்தால் தரையில் ஆசனம். சோபா வாங்குகிற பணத்தில் சிறு பங்கு கூட ஆகாது. அந்தப் பணமும் ஒரு நெசவாளர் வீட்டில் அடுப்பு எரிய உதவும்.

வெயில் காலத்துக்குப் பத்தமடைப் பாய். சென்னிமலைப் போர்வை, கரூர்த் திரைத்துணி ஆகியவையும் நிறத்துக்குப் பெயர் போனவை.

செட்டிநாட்டில் ஆத்தங்குடி ஓடு செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வர்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்வதால், சூளையில் சுடாமலே வழவழப்பு வந்துவிடுகிறது. வீடு முழுவதும் பதிக்க வசதி இல்லாதவர்கள், நாலைந்து ஓடு வாங்கி ஒரு மேஜையின் மேல் பதிக்கலாம். சூடான பாத்திரம் வைக்கவும் பயப்பட வேண்டாம்.

பழைய நாற்காலிக்குப் புது உயிர்

தாத்தாவின் சாய்வு நாற்காலியில் துணி கிழிந்திருந்தால், கோடு போட்ட கெட்டித் துணி ஒன்றை மாட்டினால் போதும். நாற்காலி புத்தம் புதிதாகிவிடும்.

பிரம்பு நாற்காலி தொய்ந்திருக்கிறதா? அதைக் கவிழ்த்து, அடிப்புறத்தில் வெந்நீர்த் துணியால் நன்றாக ஒற்றி, காற்றில் காயவிட வேண்டும். அறுந்துபோகாத பிரம்பாக இருந்தால் விறைத்துக்கொள்ளும்.

இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தால், பிளாஸ்டிக் ஒயர் வாங்கி இரண்டு நிறத்தில் பின்னலாம். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று ஒயர் கூடையில் விதவிதமாகப் பின்னும் பெண்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? அக்கம்பக்கத்து நாற்காலிகளையும் பின்னிக் கொடுத்தால் வருமானமும் வரும்.

சுவருக்குப் பழைய காலண்டர் படம் பொருத்தமாக இருக்கும். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898-1976) வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசியில் அச்சாகி, வீடுதோறும் மாட்டப்பட்டன. அப்படிப்பட்ட படம் பெட்டிக்குள் இருந்தால் சட்டம் போட்டு மாட்டலாம். வெயில் படும் சுவர் வேண்டாம். நிறம் மங்கிவிடும்.

ஜாக்கிரதை!

பழைய பொருள்களில் சில ஆபத்துகளும் உண்டு.

பழைய எண்ணெய் வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். வீட்டு வர்ணத்தில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி, 2017 நவம்பரில்தான் இந்தியாவில் அமலுக்கு வந்தது. ஆகவே பழைய தொட்டில், கட்டில், கதவு ஆகியவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வர்ணம் உரியும் தொட்டிலைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

பழைய எனாமல் தட்டு பார்க்க அழகுதான். பூச்சு பெயர்ந்திருந்தால், அதில் சாப்பிடக் கூடாது. சுவரில் மாட்டி வைக்கலாம்.

பழைய விளக்குக்குப் புது ஒயர் போட்டு, சூடு குறைந்த எல்.இ.டி. பல்பு மாட்ட வேண்டும். பழைய வால்வு ரேடியோவை, விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் மின்சாரத்தில் செருகக் கூடாது.

பழைய கட்டில், நாற்காலி வாங்கினால் மூட்டைப்பூச்சியும் கூட வரலாம். வீட்டுக்குள் கொண்டுவரும் முன்பு இடுக்குகளைப் பார்த்து, வெந்நீர் ஊற்றிக் காயவைக்க வேண்டும். மரத்தில் ஊசித்துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் வண்டு அரிக்கிறது என்று அர்த்தம். அதை வாங்க வேண்டாம்.

மாதம் ஒன்று

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்று அவசரப்படக் கூடாது. முதல் மாதம் சுவர். இரண்டாவது மாதம் திரை. மூன்றாவது மாதம் நாற்காலி. நான்காவது மாதம் ஜமக்காளம். சம்பளத்தில் மிச்சம் பிடித்த சிறு தொகையே இதற்குப் போதும்.

கணவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டும். மனைவி நிறம் சொல்லட்டும். பிள்ளைகள் ஒயர் பின்னட்டும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் காலத்தில் இப்படித்தான்" என்று கதை சொல்லட்டும். கடனுக்கு வாங்கிய சோபாவில் உட்கார்ந்தால் தவணை ஞாபகம் வரும். தாமே பின்னிய நாற்காலியில் உட்கார்ந்தால் நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம்!